வாசல் விண்மீனும் பூக்கூடையும்

கிறித்து பிறப்புக் காலத்தில் வாசலில் தொங்கும் விண்மீன் தெருவிற்கே உரியது. அதைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால், தொங்கவிட்டவரின் எண்ணமே நிறைவேறுகிறது. பூக்கூடையும் அப்படித்தானா?

சென்ற டிசம்பரில், சத்திரம் பேருந்து நிலையத்தருகே, லூர்து அன்னை ஆலயக் கோபுரம் பின்னே தெரியுமாறு ஒரு மல்லிகைக் கூடையைப் படமெடுத்தேன். பூக்கட்டும் அம்மாளின் கைகள் குறுக்கிட்டன, விலக்கச் சொன்னேன். விலக்கினார். பனியால் மல்லிகை வரத்துக் குன்றி, விலை ஏறியிருந்த வேளை. "எத்தனை முழம் ஐயா?" என்றார். வேண்டாமென்று கையசைத்துவிட்டுப் பேருந்தேறினேன்.

பகிர்ந்தேன் என்கிறோம். பகிர்வதற்கு அது என் பொருளா? 1223-இல் கிரெச்சியோவில் புனித பிரான்சிசு அமைத்த குடிலுக்குத் தீப்பந்தங்களுடன் வந்த ஊரார், அக்காட்சியின் பகுதியாகவே நின்றனர். நானோ காட்சிக்கு உரியவரையே நீக்கினேன்.

படத்தைப் பலர் பாராட்டினர். பூக்கட்டியவர் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்குத் தெரியாது.