மனைப்பிரிவும் மறிக்கப்பட்ட வாய்க்காலும் – ஜும்ஆ உரை

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடிப் பக்கமோ கும்பகோணம் பக்கமோ பஸ்ஸில் போங்கள். வயலுக்கு நடுவே கொடிக் கம்பமும் மனைக்கல்லும் கண்ணில் படும். அந்த மனைகளை வாங்குபவர்களில் நம் ஜமாஅத்தினர் உண்டு. வளைகுடா வெயிலில் நின்று சேர்த்த காசு அது. விற்பவர்களிலும் தரகு பேசுபவர்களிலும் நம்மவர்கள் உண்டு. அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன். வீடு கட்டுவது ஆகுமான காரியம், அதில் சந்தேகமில்லை. அந்த மனைக்குக் கீழே எதைப் புதைத்தோம் என்பதுதான் கேள்வி.

ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விடுகிறார்கள். மேலே காய்ந்திருக்கிறது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள். நெல் விளையும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் நாலடி செம்மண் அடித்து, சித்திரை வெயிலில் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது அதே ஈரத்தை மறைக்கும் வேலைதான்.

வாங்கியவர் மட்டுமா நஷ்டப்படுகிறார்? வடிவாய்க்காலைத் தூர்த்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே உள்ள வயலில் சம்பாப் பயிர் அழுகும். பாசன வாய்க்காலைத் தூர்த்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. வாய்க்கால் தகராறு நபியவர்களிடமே வந்திருக்கிறது. ஹர்ராவின் கால்வாய்த் தண்ணீர் விஷயத்தில் ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரிக்கும் வழக்கு. முதலில் நீர் பாய்ச்சிக்கொள், பிறகு பக்கத்துக்காரருக்கு விட்டுவிடு என்பதே முதல் தீர்ப்பு. புகாரியில் இருக்கிறது. மேல்மடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு. அடைத்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை.

மனிதர்கள் மட்டும் அல்ல. பக்கத்தில் வடுவூர் ஏரி இருக்கிறது. 1999இல் பறவைகள் சரணாலயமானது, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அது வானத்திலிருந்து தனியாக விழுந்த ஏரியா? காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்தால்தான் அங்கே பறவை இறங்கும். டெல்டாவின் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நல்ல தண்ணீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும். மதீனாவைப் புனித எல்லையாக்கி அதன் மரங்களை வெட்டக்கூடாது என்று தடுத்த நபியின் உம்மத் நாம்.

“டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறது ஹஜ்ரத்” என்பார்கள். நல்லது, அவசியம் வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடுத்த பிறகுதான் பலருக்கு அந்தச் சொல்லே தெரிந்தது. 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் எண்ணெய்க் கிணறு, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத் தடுக்கிறது. அந்தத் தடைப் பட்டியலில் வீட்டுமனை இல்லை. சட்டம் விட்டுவிட்டதை எல்லாம் அல்லாஹ்வும் விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொள்ளலாமா? ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. வாய்க்கால் புறம்போக்கும் நிலம்தான்.

மனை போடும் சகோதரரே! வாய்க்காலை முழு அகலத்தில் விடுங்கள். அரையடிக் குழாயைப் பதித்துவிட்டு வாய்க்கால் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். பூங்காவுக்கு விடும் இடத்தைக் குளத்தங்கரை ஓரமாக விட்டால் கரை மரங்களும் பிழைக்கும். வாங்குகிறவர் புலப்படத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய் நின்று பாருங்கள். பக்கத்து வயல்காரப் பெரியவரிடம் விசாரியுங்கள். தரகரை விட அவருக்கு அதிகம் தெரியும்.

ஏற்கெனவே தூர்த்தவர்கள் இந்த ஸஃப்பில் இருக்கலாம். இது அடியார்களின் உரிமை. பள்ளியில் உட்கார்ந்து இஸ்திக்ஃபார் செய்தால் மட்டும் தீராது, உரியவருக்கு வழி திறந்தாக வேண்டும். ஜேசிபி ஒரே நாளில் மூடியதை ஒரே நாளில் தோண்டியும் விடலாம். ஐப்பசி பிறப்பதற்குள் தோண்டிவிடுங்கள். அதற்கான மனத்தை அல்லாஹ் தருவானாக. ஆமீன்.