எஞ்சியதைத் தேடுபவர்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து நடுப்பகுதியில் டனோலி, டார்னகுல்லா, வெடர்பர்ன் என்று சில சிற்றூர்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள காடுகளில், குளிர்கால மாதங்களில், காதில் ஹெட்போனுடன் தரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அங்குலம் அங்குலமாக நகரும் மனிதர்களைக் காணலாம். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். கையில் ஒரு நீண்ட தண்டு. அதன் முனையில் சாப்பாட்டுத் தட்டைப் போன்ற வட்டமான கம்பிச்சுருள். அதைத் தரையில் படாமல், தரையை விட்டு விலகாமல், இடமும் வலமுமாக நாள் முழுதும் வீசிக்கொண்டே நடக்கிறார்கள். தேடுவது தங்கக் கட்டியை. கிடைப்பது, கிடைக்கிற நாளில், கால் கிராமோ அரை கிராமோ; அதுகூட இல்லாத நாட்களே அதிகம். உயர்ந்த வகைக் கருவி ஒன்றின் விலை பத்தாயிரம் டாலர் அளவுக்கு வரும் என்பதை நினைத்தால், இதை ஒரு தொழில் என்று சொல்ல மனம் வராது. கணக்குத் தெரியாமல் அவர்கள் வருவதில்லை. தெரிந்தே வருகிறார்கள் என்பதுதான் யோசிக்க வைக்கிறது.

கருவியின் தத்துவம் எளிது. சுருளில் மின்சாரத்தை நொடிக்குப் பலநூறு முறை பாய்ச்சி நிறுத்தும்போது எழுகிற காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் உலோகத்தில் ஒரு சிறு மின்னோட்டத்தை எழுப்புகிறது. அது அடங்குவதற்குள் திருப்பி அனுப்பும் சைகையே காதில் ஒலியாகக் கேட்கிறது. 1881இல் சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க, தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைத்தான் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை, கட்டிலின் கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணம் என்பார்கள். அன்றிலிருந்து சிக்கல் மாறவேயில்லை. நாம் ஒன்றைக் கேட்கிறோம். உலோகம் எதுவாயினும் பதில் சொல்கிறது. அதிலும் விக்டோரியாவின் மண் இரும்புச்சத்து மிகுந்தது, மண்ணே கூவும். அந்தக் கூச்சலை ஒதுக்கிவிட்டுக் கேட்கக்கூடிய கருவிகள், அடிலெய்டைச் சேர்ந்த மைன்லேப் நிறுவனத்தின் வழியாக, 1990களின் நடுவில் வந்த பிறகுதான் வற்றிப்போனதாகக் கருதப்பட்ட இடங்களில் ஆட்கள் மீண்டும் நடமாடத் தொடங்கினார்கள்.

அப்படியும் ஒலி வந்த இடத்தைத் தோண்டினால் வருவது ஈயக் குண்டு, சதுர ஆணி, பூட்ஸின் அடியில் அடித்த குட்டையாணி, பொத்தான், தகரத் துண்டு. இவற்றுக்கு அவர்களிடையே ஒரே பெயர், குப்பை. ஒரு பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும் என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் நாகரிகம். அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் ஒரு மனிதன் கடல் கடந்து வந்து, அதே சரிவில் குனிந்து நின்று, தேய்த்துத் தீர்த்த பூட்ஸின் ஆணி அது. நூற்றெழுபது ஆண்டுகளாக மண் பத்திரப்படுத்தி வைத்ததில் பெரும்பங்கு அவனுடைய வாழ்க்கைதான். நம் காது அதை ஏமாற்றம் என்று கேட்கப் பழகியிருக்கிறது.

1851இல் இங்கே தங்கம் கண்டெடுக்கப்பட்டபோது விக்டோரியாவின் குடியேற்ற மக்கள்தொகை ஏறத்தாழ 77,000. பத்தே ஆண்டில் அது ஐந்து லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்கள் பொறுமையோடு வரவில்லை. ஓர் ஓடைக்கரையை மேலாகக் கிளறிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பள்ளத்தாக்கில் கட்டி கட்டியாக வருகிறதென்று செய்தி வரும். பாதிக் குழியைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அந்த அவசரம் விட்டுவைத்ததைத்தான் இன்றைய பொறுமை பொறுக்குகிறது. இன்று இந்தப் பொறுமையைப் பலரும் பாராட்டுகிறார்கள். பழைய குழிகளின் ஓரங்களையும் கொட்டிவைத்த மண்மேடுகளையும் நிதானமாகத் துழாவுகிறவனே தேர்ந்த தேடுபவன் என்று புதியவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது.

இதே நிதானம் இதே இடத்தில் ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. சீனத்தின் குவாங்டோங் பகுதியிலிருந்து வந்த தொழிலாளர்கள், ஐரோப்பியர்கள் கைவிட்ட குழிகளையும் கழுவிப்போட்ட மண்ணையும் மறுபடி கழுவி, துளித்துளியாகத் தங்கம் எடுத்தார்கள். மற்றவர்கள் வேண்டாமென்று போனதை அவர்கள் எடுத்தது பெரும் எரிச்சலை மூட்டியது. 1855இல் விக்டோரியாவில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனர் தலைக்கும் பத்துப் பவுன் வரி விதிக்கப்பட்டது. அதைத் தவிர்க்கக் கப்பல்கள் பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் ஆட்களை இறக்கிவிட்டன; ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே தங்கவயல்களுக்கு வந்தார்கள். அப்படி நடந்து வந்த ஒரு கூட்டம்தான் 1857இல் அராரட் அருகே வளமான தங்கப்படிவு ஒன்றைக் கண்டது. அதே ஆண்டு பக்லண்ட் ஆற்றுப் பகுதியில் சீனர்களின் குடியிருப்புகளைக் கொளுத்தி அவர்களை விரட்டினார்கள். எச்சத்தைப் பொறுக்குவது வயிற்றுக்காக என்றால் இழிவு, பொழுதுபோக்குக்காக என்றால் கலை என்று யாரும் சட்டம் எழுதவில்லை. எழுதாமலே அது நடைமுறைக்கு வந்துவிடுகிறது.

அந்த 1855ஆம் ஆண்டு இன்னொன்றுக்காகவும் நினைவுகூரப்படுகிறது. முந்தைய டிசம்பரில் பல்லாரட்டின் யுரேகாவில், உரிமக் கட்டணத்தையும் சோதனை என்ற பேரில் நடந்த அவமதிப்பையும் எதிர்த்துத் தடுப்பரண் கட்டி நின்ற தொழிலாளர்களைப் படை தாக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் விளைவாகப் பழைய உரிமம் போய், ஆண்டுக்கு ஒரு பவுன் கட்டணத்தில் ‘மைனர்ஸ் ரைட்’ என்னும் உரிமைச்சீட்டு வந்தது. அதோடு வாக்குரிமைக்கும் வழி பிறந்தது. ஆஸ்திரேலிய ஜனநாயகத்தின் தொட்டில் என்று யுரேகாவைச் சொல்கிறார்கள், சொல்லட்டும், தகும். ஆண்டுக்கு ஒரு பவுனும் தலைக்குப் பத்துப் பவுனும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால் குறைந்துவிடாது.

அந்தச் சீட்டு இன்றும் அதே பெயரில் இருக்கிறது. சிறு தொகை கட்டினால் பத்தாண்டுகளுக்குச் செல்லும். அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்தில் கைக்கருவிகளால் தேடிக் கிடைத்த தங்கம் கண்டவருக்கே சொந்தம். தோண்டிய குழியை மூடிவிட்டுத்தான் நகர வேண்டும், மரத்தின் வேரைச் சிதைக்கக் கூடாது, பழங்குடியினரின் கல்லாயுதம் கண்ணில் பட்டால் அதைக் கலைக்கக் கூடாது. எல்லாம் நியாயமான விதிகள். காஸில்மெயின் அருகே ஒரு பாரம்பரியப் பூங்கா இருக்கிறது. அங்கே பாதுகாக்கப்படுவது 1850களில் தோண்டி அப்படியே விட்டுப்போன குழிகளும் மண்மேடுகளும்தான். ஆக, ஒரு சாண் ஆழத்துக் குழியை மூடாமல் போகிறவர் விதியை மீறியவர். ஒரு நாட்டையே தோண்டி மூடாமல் போனவர்களின் குழி தேசியச் சொத்து.

அந்த நிலத்துக்கு உரியவர்களான ஜா ஜா உருங் மக்கள் அதைத் தலைகீழாகக் கவிழ்க்கப்பட்ட நாடு என்கிறார்கள். அது உவமையே அல்ல. மேல்மண் ஓடைகளில் கரைந்துபோக, அடிமண் மேலே வந்தது. கழிவில் ஆர்சனிக்கும் பாதரசமும் தங்கிவிட்டன. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் நீராவி எந்திரங்களுக்கு விறகாகவும் வெட்டப்பட்ட காடு பழையபடி வளரவில்லை. அடிமரத்திலிருந்து நான்கைந்து ஒல்லித் தண்டுகளாகத் துளிர்த்த மரங்கள்தான் இன்று அங்கே காடு. அந்த நிழலில்தான் நம் தேடுபவர் ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் குடிக்கிறார். ஊர் இரைச்சலை விட்டு இயற்கையோடு இருப்பதற்காகவே வருவதாகப் பலர் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

பெரிய அதிர்ஷ்டங்களின் கதையும் இந்த மண்ணுக்கு உண்டு. 1869 பிப்ரவரி 5 அன்று மோலியகுல் என்ற இடத்தில், ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவர், மர வேர்களுக்கிடையே, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே ஏறத்தாழ 72 கிலோ தங்கம் கொண்ட கட்டியைக் கண்டார்கள். உலகத்தில் கிடைத்தவற்றுள் மிகப் பெரியது என்று சொல்லப்படும் அதை நிறுக்கத் தராசு இல்லாமல், டனோலியில் பட்டறைக்கல்லில் வைத்து உடைத்தார்கள். இன்று பார்க்கக் கிடைப்பவை மாதிரி உருவங்களே. 1980இல் கிங்கவர் அருகே உலோகத் துழாவியால் கிடைத்த 27 கிலோக் கட்டி உடைபடவில்லை. பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அதை லாஸ் வேகஸின் சூதாட்ட விடுதி ஒன்று வாங்கிக் காட்சிக்கு வைத்தது. தோற்றுவிட்டு வெளியேறுகிறவர்கள் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை முதியவர்களின் தீங்கற்ற விளையாட்டு என்று விட்டுவிடலாம். அதே கருவி சூடானுக்கும் போயிருக்கிறது. 2011இல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய் வயல்களில் பெரும்பகுதியை இழந்த அந்நாட்டில் ஏழைகளும் அரசும் ஒருங்கே தங்கத்தின் பக்கம் திரும்பினார்கள். ஊர்க்காரர்கள் கூட்டுச் சேர்ந்து கடன்பட்டுக் கருவி வாங்கிப் பாலைவனத்தில் இறங்கினார்கள். டார்ஃபூரின் ஜெபல் ஆமிரில் 2013இன் தொடக்கத்தில் சுரங்கங்களுக்காக நடந்த மோதலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பின்னர் அந்தச் சுரங்கங்கள் ஆயுதக் குழுவொன்றின் கைக்குப் போயின. தயாரித்த நிறுவனத்துக்கு ஆப்பிரிக்கச் சந்தை நல்ல லாபம் தந்தது. டனோலிக் காட்டில் காதில் கேட்கிற ஒலியும் டார்ஃபூரில் கேட்கிற ஒலியும் ஒன்றே. தோண்டுபவன் எழுந்து திரும்பிப் பார்க்கும்போது பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

சூடான் தங்கத்தில் பெரும்பங்கு துபாய்க்குப் போகிறது. அங்கே உருக்கப்பட்ட பின் எந்தக் கட்டி எந்தக் குழியிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கிருந்து தங்கம் வாங்குகிற நாடுகளில் நம் இந்தியாவும் ஒன்று. நாம் ஏமாறக் கூடாதென்று 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் முத்திரையிட்டு விற்கும் நகைகளில், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. யார் முத்திரையிட்டார்கள், எத்தனை சுத்தம் என்பதையெல்லாம் கைபேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். அதே மாதம் 15ஆம் தேதி கார்ட்டூமில் போர் மூண்டது. அது பற்றி அந்தக் குறியீட்டில் எதுவும் இருக்காது. கடையில் நாம் கேட்பதும் செய்கூலியையும் சேதாரத்தையும்தான்.