எது தடை?

இலங்கையின் பல்லேபொலவில் மிளகு பறிப்பவர்கள், கொடி படர்ந்த மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் பூட்டியவருக்கு அந்த மூங்கில் பிடிகொடுக்காது. படியை உணரப் பாதம் இல்லை. வயலில் இறங்கினால் சேறு பொய்க்காலைக் கவ்விக்கொள்ளும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முடிந்தது. மிதிவெடியும் எறிகணையும் பறித்த கால்கள் இரு பக்கமும் உண்டு. வறுமையால் படையில் சேர்ந்த சிங்களக் கிராமத்து இளைஞனுக்குப் படையினருக்கான அரசின் கொடுப்பனவாவது இருக்கிறது. அதைப் பெறும் உரிமைக்காகவும் ஊனமுற்ற படையினர் 2016இல் கொழும்பு வீதியில் நிற்க நேர்ந்தது. முல்லைத்தீவில் காலிழந்த தாய்க்கு அந்த வழியும் இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது அறமாகாது. ஆயினும் வேலை கேட்டுப் போகும் வாசலில் இருவர் முன்னும் வைக்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "உங்களால் ஏலுமா?"

அரச வேலைவாய்ப்பில் நூற்றுக்கு 3 இடங்களை ஊனமுற்றோருக்கு ஒதுக்கிய 1988ஆம் ஆண்டுச் சுற்றுநிருபமே, ஊனம் கடமைக்குத் தடையாக இருக்கக் கூடாதென்ற நிபந்தனையோடுதான் வந்தது. 1996இல் ஊனமுற்றோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது, 2016இல் அவர்களது உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றது. ஆயினும் அந்த நிபந்தனையில் உறைந்த மனப்பாங்கு இன்னும் நம்மிடம் இருக்கிறது. மனிதனிடம் ஏலுமா என்று கேட்கும் நாம், வேலையிடம் அதைக் கேட்பதே இல்லை. மிளகை உலர்த்தவும் தரம் பிரிக்கவும் நிறுக்கவும் கணக்கெழுதவும் ஏணி எதற்கு? இரண்டு கால்களும் இரண்டு கண்களும் உள்ள ஒருவரை மட்டுமே மனத்தில் வைத்துப் படியையும் பஸ்ஸையும் மேசையையும் வேலைநேரத்தையும் அமைத்துவிட்டு, அந்த அளவுக்குள் அடங்காதவரின் உடலையே குறையென்று நாம் பெயரிடும்போது, வெடி எடுத்தது ஒரு காலை மட்டுமே என்பதும், உழைத்து உண்ணும் தகுதியைப் பறித்தது அமைதிக்காலத்து நமது ஏற்பாடுகளே என்பதும் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன.

உயரமான பஸ் படியில் ஏற முடியாதவர் முச்சக்கரவண்டிக்குக் கொடுப்பதும் அவரது கூலியிலிருந்துதான். வருமானம் குறைகிறது, அதை ஈட்டும் செலவோ கூடுகிறது. 2012 குடிசன மதிப்பீடு ஏறத்தாழ 16 இலட்சம் பேரை ஊனமுற்றோராகக் கணக்கிட்டது. ஊனமுற்ற தகப்பன் இழந்த கூலியை ஈடுகட்டப் பள்ளியை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை.