கதவின் பின்னே தொங்கும் பைகள்

பழைய வேட்டியை வெட்டி, ஓரம் மடித்து, கைப்பிடியில் இரட்டைத் தையலிட்டுப் பை தைத்து முடிக்கும்போது மனத்தில் ஒரு நிறைவு தோன்றுகிறது. அந்த நிறைவு தைத்ததனால் வருவதா, இனிச் சுமக்கப் போவதனால் வருவதா?

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. புதிய பருத்திப் பையை 131 முறையேனும் பயன்படுத்தினால்தான், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட அது புவியைக் குறைவாக வெப்பமாக்கும் என்பது அதன் கணக்கு. வாரம் ஒருமுறை கடைக்குச் செல்பவருக்கு இது இரண்டரை ஆண்டு! பிளாஸ்டிக் சாக்கடையை அடைப்பதும் பசுவின் வயிற்றில் தங்குவதும் இக்கணக்கில் சேரவில்லை. ஆகவே இது பிளாஸ்டிக்குக்குப் பரிந்து பேசுவதன்று. பழந்துணியானால் பருத்திக்கான நீரும் உரமும் முன்பே செலவாகிவிட்டன என்பதும் உண்மையே.

ஆயினும் என் வீட்டுக் கதவின் பின்னே பதினான்கு பைகள் தொங்குகின்றன. சில தாம்பூலத்தோடு வந்தவை. சில நானே தைத்தவை. கடைக்கு எடுத்துச் செல்வது இரண்டைத்தான். தேவைக்கு மேல் சேர்க்காமையாகிய அபரிக்கிரகத்தைப் பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக வைத்தார். அது பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டுமே உரியது என்றே இதுவரை எண்ணியிருந்தேன். நல்ல பொருள்தானே என்னும் எண்ணமும் சேர்த்து வைப்பதற்குச் சாக்காகிவிடுகிறது.

இன்று தையற்பெட்டியைத் திறந்தேன். அறுந்துபோன பழைய கைப்பிடி ஒன்றைத் தைத்தேன். அடுத்த பைக்கென வெட்டிய துணி அலமாரியிலேயே இருக்கிறது.