அசோகரின் வருத்தம்

வரலாற்று ஆசிரியராக இருந்த காலமெல்லாம், அசோகரின் 13-ஆம் பாறைக் கல்வெட்டைத்தான் மாணவர்களிடம் மனம் ஒன்றி விளக்கியிருக்கிறேன். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், அதற்காக மனம் நோகிறது என்று வென்ற அரசரே கல்லில் வெட்டிவைத்தார். உலக வரலாற்றில் அபூர்வமான செயல் இது.

அதே கல்வெட்டு காட்டுவாழ் மக்களை எச்சரிக்கவும் செய்கிறது: வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை அரசரிடம் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பியதாக அதில் ஒரு வரி கிடையாது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஷாபாஸ்கர்ஹி பாறையில் இருக்கும், வருத்தம் சொல்லும் இந்த வாசகம், அடிபட்ட கலிங்கத்தின் தௌலியிலும் ஜௌகடாவிலும் இல்லை. அதற்குப் பதிலாக அங்கே இருப்பவை, மக்களைப் பிள்ளைகளாகக் கருதி நடத்தும்படி அதிகாரிகளுக்கு இட்ட ஆணைகள்.

அப்படியானால் எல்லாம் நாடகமா? நான் அப்படி நினைக்கவில்லை. அச்சமும் ஆசையும் இரக்கமும் ஒரே நெஞ்சில்தான் குடியிருக்கின்றன. அரசனின் நெஞ்சும் அதற்கு விலக்கல்ல. அசோகர் வருந்தியது உண்மை. கலிங்கத்தை விட்டுக்கொடுக்காததும் உண்மை. ஆனால் வருத்தம் பிராயச்சித்தம் ஆகிவிடாது. இன்று ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் மன்னிப்புக் கேட்டால், எதைத் திருப்பிக் கொடுத்தது என்றும் சேர்த்துக் கேளுங்கள்.