காப்பவரைக் காப்பது

பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியிலும் அதையடுத்த செங்கம் வட்டாரத்திலும் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நூற்றுக்கணக்கான நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. ஊர் மந்தையை ஓட்டிச் சென்றவர்களை மறித்து மாண்டவன், ஊருக்குள் வந்த புலியை எதிர்த்து மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒருவனைச் சொல்கிறது. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, அவன் யாருடைய மகன், யாருக்காக விழுந்தான் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். சில கல்வெட்டுகள் அதோடு நிற்பதில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலத்தையும் அவை சொல்கின்றன. உதிரப்பட்டி என்று அந்தக் கொடைக்குப் பெயர். நம் முன்னோர் கல்லை நட்டுக் கும்பிட்டதோடு கடமை தீர்ந்தது என்று எண்ணவில்லை. அவன் வீட்டில் அடுப்பெரிவது இனி ஊரின் பொறுப்பு என்று கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

காப்பவருக்குச் செய்யும் மரியாதைக்கு இப்படி இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதியை நாம் இன்றும் செய்கிறோம். மறுபாதியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டில் மூன்று நாட்கள் இதற்கென்றே இருக்கின்றன. 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட ஆட்சியர் உண்டியலில் முதல் தொகையைப் போட்டு வசூலைத் தொடங்கி வைப்பார். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து நடக்கும். ஏப்ரல் 14 தீயணைப்பு வீரர்களின் நீத்தார் நினைவு நாள். 1944இல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஏற்றி நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ கப்பல் தீப்பிடித்து வெடித்தபோது, அணைக்கப் போன 66 வீரர்கள் மாண்டார்கள். அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினரின் தாக்குதலில் உயிர்விட்ட 10 காவலர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. தீயணைப்பு வீரர்களை நினைக்கும் அந்த ஏப்ரல் 14இல்தான் பெரும்பாலும் சித்திரை முதல் நாளும் வரும். நம் வீடுகளில் கனியும் பொன்னும் வைத்துக் கண் விழிக்கும் அதே காலையில், தீயணைப்பு நிலையங்களில் நினைவுத் தூணுக்கு மலர்வளையம் வைத்து நிற்கிறார்கள்.

இந்த நாட்களும் இவற்றையொட்டி ஊர்ப் பொதுமக்கள் நடத்தும் விழாக்களும் வெறும் சடங்கென்று நான் சொல்ல மாட்டேன். சட்டைப்பையில் கொடியைக் குத்திக்கொண்டு உண்டியலோடு கடைகடையாக ஏறியிறங்கும் பள்ளி மாணவன், எங்கோ பனியில் நிற்கும் ஒருவனுக்குத் தான் கடன்பட்டிருப்பதை அப்போதுதான் முதன்முதலாக உணர்கிறான். அந்தப் பணம் போரில் ஊனமுற்றவரின் மறுவாழ்வுக்கும், உயிர்நீத்தவரின் மனைவி மக்களுக்கும், பணியில் இருப்போர், ஓய்வு பெற்றோர் குடும்ப நலனுக்கும் போகிறது. அது நல்ல காரியம். ஆனால் உண்டியல் நிரம்பியதும் நம் கடன் முடிந்துவிடுகிறதா?

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த காவல் நிலையின் மேல் பனிப்பாளம் சரிந்தது. மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் அதில் புதைந்தார்கள். ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார். பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டவர். ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். அந்தச் செய்தி வந்த வாரம் தமிழ்நாடே கலங்கியது. ஆனால் அப்படிப்பட்ட உயரத்தில் நிற்பவனின் மனம், சாவதற்கு முந்தைய ஆயிரம் இரவுகளில் எதை நினைத்துக் கொண்டிருக்கும்? வீட்டைத்தான். இங்கே பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பை ஒரு முழம் வெட்டித் தள்ளியிருப்பார். நாலு பங்காளிகளுக்குப் பொதுவான கிணற்றில் இவன் வீட்டு முறைக்குத் தண்ணீர் விட மறுப்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். கூட்டிப்போக ஆள் இருக்காது. அம்மா போனில் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டு, “நீ ஒன்னும் மனசுல வெச்சுக்காத சாமி” என்பாள். வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பான்?

எல்லையில் நிற்பவனுக்கு ஊர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அவன் வீட்டைப் பற்றிய கவலையை அவனிடமிருந்து வாங்கிக்கொள்வது. வரப்புத் தகராறு வந்தால் பெரியவர்கள் நாலு பேர் போய் நின்று நியாயம் சொல்வது. பட்டா மாறுதலுக்கும் வங்கிக்கும் அவன் மனைவி தனியாக அலையாமல் துணை போவது. ஆட்சியர் அலுவலகத்தில் படைவீரர் குடும்பங்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடப்பதை எடுத்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுப்பது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். விட்டுப்போகாத ஆள் வேண்டும்.

சீருடையோடு நம் நடுவிலேயே இருப்பவர்களுக்கு நாம் பட்ட கடன் வேறு வகையானது. நம் சேலம், நாமக்கல் சமவெளி கிணறுகளின் நாடு. ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர், ஆத்தூர் பக்கமெல்லாம் அறுபது, எழுபது அடி ஆழத்துக்குப் பாறையைக் குடைந்து இறக்கிய கிணறுகள். பல கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. இரவில் மாடு விழுந்தால் தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போன் போகிறது. வந்தவர்களில் ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மிரண்ட மாடு கொம்பை ஆட்டும், காலை உதறும். தண்ணீருக்குள் நின்றபடியே அதன் வயிற்றுக்கு அடியில் பட்டையைச் செருகி, மறுபக்கம் கையை நுழைத்துத் தேடி எடுத்து முடிச்சிடுவார். மேலே ஊரே கூடிக் கயிற்றை இழுக்கும். மாடு கரையேறியதும் எல்லோரும் மாட்டைச் சுற்றி நிற்பார்கள். அவர் கடைசியாக ஏறி வருவார், முழங்கை சிராய்ந்து, உடம்பெல்லாம் சேறாக.

அவருக்குச் சால்வை போர்த்துவது நல்லது. அந்தக் கிணற்றுக்குச் சுவர் எழுப்புவது அதைவிட நல்லது. விஷவாயு தேங்கிய கிணற்றிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய இரண்டாமவரும் மூன்றாமவரும் மாண்ட செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! மூச்சுக்கருவியோடு வருபவர்கள் வரும்வரை யாரையும் இறங்கவிடாமல் தடுப்பதும் ஒரு தொண்டுதான். மேட்டூரில் உபரிநீர் திறந்தால் பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோரத் தெருக்களுக்குள் காவிரி வருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் வந்தது. ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டு போன பிறகும் வீட்டைக் காலி செய்யாமல், பாலத்தில் நின்று படம் எடுப்பவர், தன் உயிரோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உயிரையும் பணயம் வைக்கிறார். அவரை மீட்க இறங்குபவருக்கும் மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

மரியாதை உதட்டளவில் நின்றால் என்ன ஆகும் என்பதை 2020இல் பார்த்தோம். மார்ச் 22 மாலை நாடெங்கும் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினோம். நான்கு வாரம்தான் ஆகியிருந்தது. கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலஸின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் ரத்தம் வடியத் திரும்பினார்கள். பின்னிரவில் அவருடைய மருத்துவ நண்பர் தன் கையாலேயே மண்ணைத் தள்ளி அடக்கத்தை முடித்தார். கைதட்டியவர்களும் கல்லெறிந்தவர்களும் வேறு வேறு நாட்டவர் அல்லர். பயம் வந்தபோது நம் நன்றி நிற்கவில்லை. பயத்திலும் நிற்பதுதான் நன்றி.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓடுகின்றன. தொப்பூர் கணவாயிலும் சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையிலும் அடிபட்ட எத்தனையோ பேர் அவற்றால் பிழைத்திருக்கிறார்கள். வழிவிடாமல் முன்னால் ஓடும் ஒவ்வொரு வாகனமும் அந்தப் பிழைப்பிலிருந்து சில நிமிடங்களைத் திருடுகிறது. அடிபட்டவரைத் தூக்கினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பழைய அச்சம் இன்னும் போகவில்லை. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பொறுப்பாளியாக்கக் கூடாது, பெயர் சொல்லும்படியும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இனி தயங்குவதற்குச் சட்டத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஆகவே விழா எடுங்கள். ஆனால் இரவுப் பணி முடித்து வந்தவர்களைச் சிறப்பு விருந்தினர் வரும்வரை நாற்காலியில் காக்க வைக்காதீர்கள். மேடையைச் சிறிதாக்கி, ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் படையில் இருக்கிறார்கள், எந்த வீட்டில் முதியவர்கள் தனியே இருக்கிறார்கள், பணியில் உயிர்விட்ட காவலர், தீயணைப்பு வீரர் குடும்பம் ஏதேனும் உண்டா என்று எழுதுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் பொறுப்பேற்று, ஆண்டு முழுக்கப் போய் வாருங்கள். சுவரில்லாத கிணறுகளையும் அதே நோட்டில் எழுதி, அடுத்த கொடிநாளுக்குள் ஒன்றிரண்டுக்காவது சுவர் எழுப்புங்கள். தீபாவளி இரவிலும் தேர்த் திருவிழாவிலும் நாம் குடும்பத்தோடு இருப்பதற்காகத் தம் குடும்பத்தை விட்டு வந்து நிற்பவர்கள் நம்மிடம் மாலை கேட்கவில்லை. அவர்கள் சுமக்கும் பாரத்தில் நம் கவனக்குறைவால் ஏறுகிற பங்கை நாம்தான் இறக்கி வைக்க வேண்டும். அவர்கள் வீட்டைத் தனியே விடாத ஊர்தான் அவர்களால் காக்கப்படும் தகுதியைப் பெறுகிறது.