உள்ளது உள்ளபடி

அண்ணை பிஸ்கட் டின்னைக் கவிழ்த்ததும் மேசை முழுக்க ரசீதுகள். மாசசூசெட்ஸ் கரையில், கிளாஸ்டர் துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் அவருடைய வீடு. வெளியே பிப்ரவரிப் பனி. அவருடைய படகு, வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் போர்த்திக்கொண்டு, பக்கத்து யார்டில் இரும்புக் கால்களின் மேல் நின்றது. 1974-இல் கட்டிய முப்பதடிப் பாய்ப்படகு, ஃபைபர் உடம்பு. 5,500 டாலருக்கு வாங்கினார். அதற்குப் பிறகு ஆறு குளிர்காலம் அதன் வயிற்றுக்குள் முடங்கிக் கிடந்து வேலை பார்த்தார். இப்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. விற்றாக வேண்டும்.

"எல்லாத்தையும் ஒருக்கால் கூட்டு, தம்பி" என்றார்.

கூட்டினேன். புதிய டீசல் என்ஜின், பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள், இரண்டு பாய்கள், மின்கம்பி முழுவதும், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் வெண்கல வால்வுகள், பெயிண்ட், எபாக்சி, மணல்தாள், கையுறை. 31,400 டாலர். வாங்கின காசோடு 36,900.

"இதுக்குள்ள என்ர கைவேலையைச் சேர்க்கேல்லை" என்றார் தணிந்த குரலில்.

அதே ஆண்டில், அதே அச்சில் வார்த்த படகுகள் என்ன விலைக்குப் போகின்றன என்று தரகரிடம் கேட்டு வைத்திருந்தேன். மோசமான நிலையில் 9,000. நன்றாகப் பார்த்துக்கொண்டது என்றால் 16,000. அதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. ரசீதுகளை ஒவ்வொன்றாக மடித்து, வந்த வரிசையிலேயே டின்னுக்குள் அடுக்கத் தொடங்கினார்.

பழைய படகைப் புதுப்பித்தவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் வரும். பழைய வீட்டை, பழைய காரை, தாத்தாவின் பத்தாயத்தைச் செப்பனிட்டவர்களுக்கும் வரும். செலவு வேறு, விலை வேறு என்பது சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நம் பொருள் என்று வரும்போது அது மறந்துபோகிறது. 14,000 டாலர் கொடுத்து என்ஜின் மாற்றினால் படகின் விலை 14,000 ஏறும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வாங்க வருகிறவர் அப்படிப் பார்ப்பதில்லை. என்ஜின் ஓட வேண்டும், அது படகின் கடமை. ஓடாவிட்டால் விலையில் குறைப்பார். ஓடினால் தலையாட்டிவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். எஃகுக் கம்பியும் அப்படியே. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டியதை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். புதுப்பித்த படகு சீக்கிரம் விலைபோகும், சந்தை விலையின் மேல் படியில் நிற்கும். அந்தப் படியைத் தாண்டிக் கூரைக்கு ஏறாது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மரப்படகு உளுத்துச் சாகும். இறந்த படகு இருக்கிற படகுக்கு இடம் விடும். ஃபைபர் படகு சாவதில்லை. 1959-ஆம் ஆண்டு நியூயார்க் படகுக் கண்காட்சியில், ரோட் ஐலண்டைச் சேர்ந்த பியர்சன் குடும்பத்து ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவர் டிரைட்டன் என்ற இருபத்தெட்டடி ஃபைபர் படகைக் காட்டினார்கள். வரைந்தவர் கார்ல் ஆல்பர்க். நடுத்தரக் குடும்பமும் கடலுக்குப் போகலாம் என்ற காலம் அதையொட்டிப் பிறந்தது. அந்த நூற்றுக்கணக்கான டிரைட்டன்களில் பல இன்றும் மிதக்கின்றன. எழுபதுகளில் அச்சிலிருந்து இறங்கிய ஆயிரக்கணக்கான படகுகளும் மிதக்கின்றன. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள்தான் கிழவர்களாகிவிட்டார்கள். விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். அண்ணையின் ஆறு குளிர்காலத்தை இந்தக் கணக்குக்குள் நுழைக்க வழியே கிடையாது.

தன் உழைப்புக்குக் கூலி போடாமல் கணக்கெழுதிய ஒருவர் இதே மாநிலத்தில் இருந்தார். ஜோஷுவா ஸ்லோகம். 1892-இல், பாய்க்கப்பல்களின் காலம் முடிந்து வேலையற்று நின்ற கப்பல் தலைவர். ஃபேர்ஹேவன் என்ற ஊரில், கரையேற்றி வயலோரம் போட்டிருந்த 'ஸ்ப்ரே' என்ற மக்கிய படகை நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்தார். ஸ்லோகம் அதைப் பலகை பலகையாகக் கழற்றி, புதுப் பலகை வைத்துக் கட்டினார். பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு பதின்மூன்று மாதம். அந்த 62 சென்டை அவர் தன் புத்தகத்தில் விடாமல் எழுதியிருக்கிறார்; பதின்மூன்று மாதத்தைப் பதின்மூன்று மாதம் என்றே எழுதியிருக்கிறார். டாலராக மாற்றவில்லை. எனக்கு அதில் பெரிய நேர்மை தெரிகிறது. அந்தப் படகில்தான் 1895-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, உலகத்தைத் தனியாளாகச் சுற்றிய முதல் மனிதராக 1898-இல் திரும்பினார்.

அண்ணைக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தக் கோடையில் 24,500 என்று விலை எழுதி ஒட்டினார். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும். வந்தவர்கள் சுற்றிப் பார்த்தார்கள், தேக்கு வேலைப்பாட்டைத் தடவினார்கள், "அருமையாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார்கள், போனார்கள். பாராட்டிவிட்டுப் போகிறவர் திரும்பி வருவதில்லை. குறை கண்டுபிடித்து முகம் சுளிப்பவர்தான் வாங்குவார் என்று தரகர் சொன்னார். மாடு விற்கிற சந்தையிலும் அதுதான் வழக்கம். நவம்பர் வந்தது. மறுபடி படகைத் தூக்கி, பிளாஸ்டிக் போர்த்தி, யார்டுக்கு வாடகை கட்டினார். விற்காத படகு சும்மா நிற்பதில்லை, மாதாமாதம் தின்னும்.

அடுத்த வசந்தத்தில் 15,500 என்றார். அந்த எண்ணை உச்சரிக்க அவருக்கு ஒரு குளிர்காலம் தேவைப்பட்டிருக்கிறது. இரண்டே வாரத்தில் ஓர் இளம் தம்பதி வந்து, சர்வே முடிந்தபின் முடிவு என்ற நிபந்தனையோடு முன்பணம் கட்டினார்கள்.

சர்வேயர் வந்த நாள் நானும் யார்டில் இருந்தேன். வாங்குகிறவர் கூலி கொடுத்து அழைத்துவரும் மனிதர் அவர். விற்பவருக்கு எந்தக் கடனும் படாதவர். கையில் பிளாஸ்டிக் தலைவைத்த சிறு சுத்தியல். படகின் தளம் என்பது மேலே ஒரு ஃபைபர்த் தோல், கீழே ஒரு ஃபைபர்த் தோல், நடுவே பால்சா என்கிற இலேசான மரம். பண்டத்துக்கு நடுவில் பூரணம் வைத்த மாதிரி. எங்காவது ஒரு திருகாணி ஓட்டை வழியாக நீர் இறங்கினால் பால்சா ஊறி, கறுத்து, கூழாகிவிடும். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். சுத்தியல்தான் சொல்லும். அவர் குனிந்தபடியே தட்டிக்கொண்டு போனார். டக், டக், டக். நல்ல இடத்தில் தட்டினால் முற்றிய தேங்காயைச் சுண்டுவது போன்ற ஓசை. கெட்ட இடத்தில் தொப்பென்று அமுங்கும். அண்ணை பெரும்பாலான தளத்தை அறுத்தெடுத்து, புது பால்சா வைத்து மூடியிருந்தார். அணியத்திலிருந்து பின்பக்கம் வரை டக், டக். சர்வேயர் ஒருமுறை நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது.

வலப்பக்கத்தில், பாய்மரக் கம்பி தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிப் பூட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அண்ணை ஒரு தேக்குப் பலகை பதித்திருந்தார். கால் வைத்து ஏற வசதியாக, பார்க்க அழகாக. பலகையின் மேல் சுத்தியல் பேசாது. அருகிலேயே உலோகம் இருப்பதால் ஈரமானியும் நம்பத்தக்கதல்ல. சர்வேயர் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தப் பலகையின் கீழே இரண்டு உள்ளங்கை அகலம் ஈரம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறாவது குளிர்காலத்தில் முழங்கால் விட்டுப்போன இடம் அது. மூடி மறைப்பதற்காக அந்தப் பலகையை அவர் வைக்கவில்லை, சத்தியமாக. ஆனால் அது மறைத்துக்கொண்டிருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. பழைய படகு விற்கும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும் வரி. இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில், உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்கிறேன் என்று வாங்குபவர் கையெழுத்திடுவார். பிறகு எது உடைந்தாலும் பெரும்பாலும் அவர் பாடு. அதன் அர்த்தம், பார்க்கவேண்டியது நீ, நான் வாய் திறக்கத் தேவையில்லை என்பது. நம் மொழியில் அதே சொற்களுக்கு நேர் எதிரான பொருள். உள்ளதை உள்ளபடி சொல்லு என்றால், ஒளிக்காமல் சொல்லு என்று. ஒரு சொற்றொடர் ஒரு பக்கம் வாயை மூடச் சொல்கிறது. மறுபக்கம் திறக்கச் சொல்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பேசுகிற இடத்தில், தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் என்கிறது. துறைமுகத்தில் நின்று விற்றவர்களைப் பற்றிய பேச்சு அது என்பதால் எனக்கு எப்போதும் நினைவிருக்கிறது.

யார்டின் ஓரமாக ஒதுங்கி நின்று நான்தான் கேட்டேன். "சர்வேயர் பிடிக்கேல்லை எண்டால் அது அவற்றை பிழைதானே, அண்ணை?"

இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் அவருடைய இழப்பு மட்டுமே என் கண்ணில் நின்றது. 36,900 போட்டவர் 15,500 வாங்குகிறார். இதற்கு மேலும் ஏன் என்று தோன்றியது. ஏற்கெனவே நட்டப்பட்டவனுக்குச் சின்னப் பொய் ஒன்று உரிமையாகிவிடும் என்று நினைத்தேன். நட்டம் மனிதனை இப்படித்தான் கெடுக்கிறது. இலாபம் பார்த்தவனைவிட, ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பவன்தான் அடுத்தவரை எளிதாக ஏமாற்றுகிறான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெட்டையும் பெடியனும் மெய்னுக்கு ஓடப்போகினம் எண்டு சொன்னவை" என்றார். "காத்து எழும்பி அந்தக் கம்பி விட்டுதெண்டால் மரம் சரியும், தம்பி. ஆரின்ர தலையில விழும்?"

சர்வேயரைக் கூப்பிட்டு, பலகையைத் தானே கழற்றிக் காட்டினார். அதோடு நிற்கவில்லை. பொக்கெற்றிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். ஏழு குறைகள், அவர் கையெழுத்தில். எந்த வால்வு இறுகிப்போகும், எந்த ஜன்னல் சாய்மழைக்கு ஒழுகும் என்றுகூட. அந்தத் தாளை எப்போது எழுதினார் என்று கேட்டேன். முன்பணம் வந்த இரவிலாம். கொடுப்பதா வேண்டாமா என்பதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். விலை 13,800-க்கு இறங்கியது.

கைமாறிய படகு என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். ஸ்லோகத்தின் பெயரையே தாங்கிய, பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சு மாலுமியின் 'ஜோஷுவா' படகு 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூக்காஸ் கரையில் புயலில் ஒதுங்கி மணலில் புதைந்தது. இருபது ஆண்டு தன்னைச் சுமந்த அந்த எஃகுப் படகை அவர் இரண்டு இளைஞர்களுக்கு 20 டாலருக்குக் கொடுத்துவிட்டார். அவர்கள் தோண்டியெடுத்து மிதக்கவிட்டார்கள். 1990-இல் பிரான்சின் லா ரொஷேல் கடல்சார் அருங்காட்சியகம் அதை வாங்கியது. அந்த 20 டாலர் விலையா, தானமா, விடுதலையா என்று எனக்குப் பிடிபடவில்லை. வேறொருவர் கையில்தான் அந்தப் படகு உயிர் பிழைத்தது.

கிளாஸ்டருக்கும் அப்படிக் கைமாறிய படகு ஒன்று வந்திருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, பெயர் மாற்றி, அவ்வூர் மாலுமிகளைக் கொண்டே கடல்களைக் கடந்து இங்கே கொண்டுவரச் செய்தார். 1938 ஆகஸ்டில் இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. விற்றவர்களின் கண்ணுக்கு எட்டாத கரையில், புதிய பெயரோடு. அண்ணையின் ஊரும் அந்தக் கரையோரம்தான். அவர் அந்தக் கதையை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்; படகு விற்ற அன்று சொல்லவில்லை.

கையெழுத்தான பிறகு அவர் பிஸ்கட் டின்னை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். எந்தத் திருகாணி எங்கே வாங்கியது என்பதுவரை அதில் இருக்கிறது, உங்களுக்கு உதவும் என்றார். மேலே அந்த ஏழு குறைத் தாள்.

தரகருக்குப் பத்து சதவீதம் 1,380 போக, அண்ணையின் கைக்கு வந்தது 12,420 டாலர். அதற்கான ரசீதைப் போட்டுவைக்க டின் இல்லை. அது படகோடு போய்விட்டது.